முள் ஏறினால் போதுமா?



சென்ற தீபாவளிக்கு முன்பு, பக்கத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து எங்கள் கடைக்கு ஓர் அட்டைப்பெட்டி திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பதினேழு டிஷ் மீட்டர்கள். மேலே ஒரு துண்டுச் சீட்டு. 'அண்ணாச்சி, மட்டமான சரக்கு. ஒன்றுகூட வேலை செய்யவில்லை. கணக்கில் கழித்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தது. இரண்டு டஜன் வாங்கிய தம்பி அவர். பத்து வருடமாக எங்களிடம் கொள்முதல் செய்கிறார். ஒருநாளும் பொய் சொல்லிச் சரக்கைத் திருப்பியவர் இல்லை.

பதினேழையும் மாடிக்கு எடுத்துச் சென்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். பதினேழும் நன்றாகவே வேலை செய்தன. சரக்கில் குறையில்லை. தம்பி சொன்னதிலும் பொய்யில்லை. அப்படியானால் குறை எங்கே என்று தேடியபோது, அது எங்கள் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. 'மாட்டினால் போதும், அதுவே காட்டிக்கொடுக்கும்' என்று சொல்லி அவருக்கு விற்றவர்கள் நாங்கள்தான். அவர் அதையே தம் வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறார். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் தொழிலில் உள்ள மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

மாடியில் ஒருவர், படியில் ஒருவர்

1991-க்குப் பிறகு வெளிநாட்டுச் சானல்கள் வானத்திலிருந்து இறங்கத் தொடங்கிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எட்டடி, பத்தடி, பன்னிரண்டடி என்று வலை போட்ட பெரிய டிஷ்களை மொட்டை மாடியில் தூக்கி வைப்போம். திசை சேர்க்க மூன்று பேர் வேண்டும். மாடியில் ஒருவர் டிஷ்ஷைத் திருப்புவார். வீட்டுக்குள் ஒருவர் டி.வி. முன்னால் நிற்பார். நடுவே மாடிப்படியில் ஒரு பையன். 'வந்துருச்சா?' 'புள்ளி புள்ளியா இருக்கு!' 'இப்ப?' 'போச்சு, போச்சு, பழையபடி திருப்பு!' தெருவே கேட்கும்.

அந்த நாளில் அது போதுமானதாக இருந்தது. பழைய முறை ஒளிபரப்பில் படம் சிறுகச் சிறுகத்தான் வரும். முதலில் புள்ளி மழை, அப்புறம் நிழல் போல ஓர் உருவம், பிறகு தெளிவு. கண்ணே மீட்டராக இருந்தது. டிஜிட்டல் வந்த பிறகு அந்தக் கதை இல்லை. வந்தால் முழுப் படம், வராவிட்டால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் வந்துவிட்டோமா, தூரத்தில் இருக்கிறோமா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மீட்டர் தேவைப்பட்டது.

2004 டிசம்பர் 16-ல் தூர்தர்ஷன் தன் இலவச டி.டி.எச். சேவையைத் தொடங்கியது. அடுத்து தனியார் நிறுவனங்களும் போட்டியில் வளர்ந்தன. டிஷ் இரண்டடிக்குச் சுருங்கியது. இரண்டடி டிஷ்ஷை ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். ஊர் ஊராகக் கொண்டுபோகும் டிஷ் என்ற வியாபாரமே அப்படிப் பிறந்ததுதான்.

'டி.டி.எச். வியாபாரம் இறங்குமுகத்தில் இருக்கிறது, இப்போது போய் மீட்டரைப் பற்றி எழுதுகிறீர்களே' என்று கேட்கலாம். உண்மைதான். வீடுகளில் இணையம் வந்து, கைபேசி வந்து, சந்தாதாரர்கள் குறைந்து வருகிறார்கள். ஆனால் எங்களிடம் மூன்று கால் ஸ்டாண்டும், டிஷ்ஷும், மீட்டரும் கேட்டு வருகிறவர்கள் யார்? செங்கல் சூளையில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தங்க வைத்திருக்கும் மேஸ்திரி. சாலை போடும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் கான்ட்ராக்டர். திருவிழாவுக்குத் திருவிழா கடை போடும் மிட்டாய் வியாபாரி. வருடத்துக்கு ஒரு வாடகை வீடு மாறும் குடும்பஸ்தர். ஒயர் போகாத, கைபேசி சிக்னல் ஒழுங்காக வராத இடத்தில் இருப்பவர்கள் இவர்கள். வேலை முடிந்து வந்து தங்கள் மொழியில் ஒரு மணி நேரம் எதையாவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும் இவர்கள் ஒவ்வொரு தடவையும் ஆள் கூப்பிட்டுக் கூலி கொடுக்க முடியாது. அதனால்தான் மீட்டர் வாங்குகிறார்கள். அந்தச் சில நூறு ரூபாய் அவர்களுக்கு அரைநாள் கூலி.

தராசும் மீட்டரும்

நாம் எல்லோரும் தராசு பிடித்து வளர்ந்தவர்கள். தராசு என்ன சொல்லும்? தட்டில் எத்தனை கிலோ என்று சொல்லும். தட்டில் இருப்பது அரிசியா, மணலா என்று சொல்லாது. அதை நம் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும்.

முள் வைத்த சாதாரண மீட்டரும் அப்படியே. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. எவ்வளவு சக்தியை வாங்கித் தருகிறது என்பதை மட்டும் அது காட்டும். அந்தச் சக்தி எந்தச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. நமக்கு வேண்டிய கோளானாலும், பக்கத்துக் கோளானாலும் முள் ஒரே மாதிரி ஏறும், பீப்பீ என்று ஒரே மாதிரி கத்தும். எல்.என்.பி.க்குள் இருக்கும் இரைச்சலே முள்ளைக் கொஞ்சம் தூக்கும். டிஷ்ஷை வெயிலில் காய்ந்த சுவரைப் பார்த்துத் திருப்பினால்கூட முள் அசையும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. மும்பையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எங்கள் வீதியில் கடைச் சிப்பந்திகளும் சுமை தூக்கும் தொழிலாளர்களும் சேர்ந்து பார்க்கப் பந்தல் போட்டு டி.வி. வைத்திருந்தோம். மதியம் பார்த்துக் கேபிள் போய்விட்டது. 'கவலைப்படாதீர்கள், டிஷ் விற்கிற கடையே நம் கடைதான்' என்று பெருமையாகச் சொல்லி, ஒரு டிஷ்ஷையும் மீட்டரையும் கொண்டுவந்து நாங்களே உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் முள் கடைசிக்கு ஏறிவிட்டது. படம் வரவில்லை. ஒயரை மாற்றினோம், பாக்ஸை மாற்றினோம், மீட்டரை மாற்றினோம். ஆட்டம் தொடங்கிப் பத்து ஓவர் போய்விட்டது. இருநூறு பேர் எங்களையே பார்க்கிறார்கள். வேர்த்துக் கொட்டியது.

சுமை தூக்கும் ஒருவரின் மகன், டிஷ் மாட்டும் வேலைக்குப் போகிற பையன், வந்து பார்த்தான். 'அண்ணாச்சி, நீங்க பிடிச்சிருக்கிறது வேற சேட்டிலைட்டு. முள்ளைப் பார்க்காதீங்க, டி.வி.யில குவாலிட்டியைப் பாருங்க' என்றான். டிஷ்ஷைப் பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகர்த்தினான், கீழே அரை விரற்கடை இறக்கினான். படம் வந்துவிட்டது. முப்பது வருடம் கடை நடத்திய நாங்கள் அந்தப் பையனிடம் பாடம் படித்தோம். அன்று படித்ததை எங்கள் வாடிக்கையாளருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தோமா என்றால், இல்லை. பதினேழு மீட்டர் திரும்பி வரும்வரை சொல்லவில்லை.

இரண்டு டிகிரிக் கணக்கு

ஒரு விரற்கடையில் இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இந்தக் கோள்கள் வரிசையாக நிற்கின்றன. நம் நாட்டு டி.டி.எச். ஒளிபரப்பில் 83 டிகிரி கிழக்கில் ஒன்று, 91.5-ல் ஒன்று, 93.5-ல் ஒன்று, 95-ல் ஒன்று என்று இருக்கின்றன. 91.5-க்கும் 93.5-க்கும் இரண்டே டிகிரி. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு சுண்டுவிரல் அகலம் மறைக்கிற வானம், அவ்வளவுதான்.

அந்த இரண்டு டிகிரியின் விலையை 2010-ல் நம் மாநிலமே பார்த்தது. அந்த வருடம் ஜூலை 7-ல் 93.5-ல் இருந்த இன்சாட்-4பி கோளின் மின்சாரப் பகுதியில் பழுது ஏற்பட்டு, அதில் பாதி அலைவரிசைகள் நின்றுபோயின. ஒளிபரப்பை 91.5-ல் இருந்த மீசாட்-3 கோளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வீடு வீடாக டிஷ்ஷைத் திருப்பினார்கள். எங்கள் கடையில் மீட்டர் இருப்பு சில நாளில் தீர்ந்துவிட்டது. நல்ல வியாபாரம் என்று சந்தோஷப்பட்டோமே தவிர, வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அதைப் பிடிக்கத் தெரியும் என்று கேட்கவில்லை.

ஊருக்கு ஊர் திசை மாறும் என்பதையும் கடைக்காரர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 93.5 டிகிரியில் உள்ள ஜிசாட்-15 கோளைப் பார்க்க, வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணினால் சென்னையில் சுமார் 134 டிகிரி திரும்ப வேண்டும். மதுரையில் 122. கன்னியாகுமரியில் 116. ஆனால் உயரக் கோணம் மூன்று ஊரிலும் 68, 69 டிகிரிதான். ஆகவே சென்னையில் சேர்த்த டிஷ்ஷைக் கன்னியாகுமரிக்குக் கொண்டுபோகிறவர் சாய்வை அதிகம் கலைக்கத் தேவையில்லை. முதலில் பக்கவாட்டுத் திசையைத்தான் சரிசெய்ய வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை மிச்சம்.

68 டிகிரி என்றால் கோள் ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது என்று பொருள். டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது. இந்தச் சிறிய டிஷ்கள், முகம் பார்க்கிற திசைக்கு மேலேயிருந்து வருவதை வாங்கும்படி செய்யப்பட்டவை. வாடிக்கையாளர் கண்மட்டத்தில் ஏமாறுவது இங்கேதான். பின்பக்கத் தகட்டில் பொறித்திருக்கும் டிகிரிக் கோட்டை நம்பச் சொல்லுங்கள். அந்தக் கோடும் கம்பம் செங்குத்தாக இருந்தால்தான் உண்மை பேசும்.

கையாளும் முறை

எங்கள் அனுபவத்தில் சரியாக வருகிற முறையைச் சொல்கிறோம். உங்கள் கடையில் இதை எழுதி ஒட்டிவைக்கலாம்.

முதலில் இடம். தென்கிழக்கில் உயரே மரம், தகரக் கூரை, கட்டடம் மறைக்கக் கூடாது. மின்கம்பி அருகே கம்பம் நடவே கூடாது. மூன்று கால் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைத்து அசையாமல் செய்ய வேண்டும். கம்பம் நேராக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டு அல்லது ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். திசைகாட்டியை இரும்பு ஸ்டாண்டிலிருந்து நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் இரும்பு அதைத் திருப்பிவிடும். கைபேசியில் உள்ள திசைகாட்டிக்கும் இதே விதிதான்.

அடுத்து இணைப்பு. செட்டாப் பாக்ஸை அணைத்த பிறகே ஒயரைக் கழற்ற வேண்டும். டிஷ்ஷிலிருந்து வரும் ஒயர் மீட்டரில் எல்.என்.பி. என்று போட்ட பக்கம். இன்னொரு சிறு ஒயரில் ரிசீவர் பக்கத்திலிருந்து பாக்ஸுக்கு. மீட்டருக்கும் எல்.என்.பி.க்கும் மின்சாரம் பாக்ஸிலிருந்துதான் வருகிறது. ஆகவே இணைத்த பின் பாக்ஸை ஓட விட வேண்டும். 'முள்ளே அசையவில்லை' என்று திருப்பி வந்தவற்றில் பாதி, பாக்ஸ் இல்லாமல் மாட்டிப் பார்த்தவை.

பிறகு தேடல். மீட்டரின் குமிழைத் திருப்பி முள்ளை நடுவில் நிறுத்த வேண்டும். டிஷ்ஷை மெதுவாக, மிக மெதுவாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஒரே சாய்வில் திருப்பிக்கொண்டே இருந்தால் பயனில்லை. கிடைக்காவிட்டால் சாய்வை ஒரு டிகிரி மாற்றி மறுபடியும் திருப்ப வேண்டும். முள் கடைசிக்கு ஏறிக் கத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. குமிழைக் குறைத்து முள்ளை மறுபடி நடுவுக்கு இறக்கி, உச்சியைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால்தான் உண்மையான உச்சி தெரியும்.

இப்போது டி.வி.யைப் பார்க்க வேண்டும். பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று வலிமை, இன்னொன்று தரம், அதாவது குவாலிட்டி. வலிமை நிறைந்து, தரம் பூஜ்யமாக இருந்தால் பிடித்திருப்பது வேறு கோள், அல்லது பாக்ஸில் தேர்ந்திருப்பது வேறு கோள். முதலில் பாக்ஸைச் சரிபார்த்து, அப்புறம் அடுத்த உச்சிக்கு நகர வேண்டும். தரம் ஏறத் தொடங்கிவிட்டால் எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரத்தை உயர்த்த வேண்டும். அந்தத் திருப்பமும் ஊருக்கு ஊர் மாறும். கடைசியில் நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும். முடிந்ததும் பாக்ஸை அணைத்து, மீட்டரைக் கழற்றி, ஒயரை நேராகப் பாக்ஸில் கொடுக்க வேண்டும். மீட்டரை நடுவிலேயே விட்டுவிடக் கூடாது.

முள்ளை நம்பாதே என்பதற்கு வானமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், நம் பக்கத்தில் முற்பகல் 11 மணியை ஒட்டி, சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வரும். அந்தச் சில நிமிடம் சூரியனின் இரைச்சல் உள்ளே புகுந்து படம் தடுமாறும். மீட்டர் முள்ளோ இறங்காது, இன்னும் ஏறும்! அந்த நேரத்தில் 'மீட்டர் கெட்டுவிட்டது' என்று வருகிற வாடிக்கையாளரிடம் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு. அந்த நாளில் அந்த நேரத்தில் டிஷ் மேல் மர நிழல் விழுந்தால், கோளுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே மரம் மறைக்கிறது என்று பொருள்.

நம் கடமை என்ன?

கோளின் பெயரையே சொல்லிவிடும் டிஜிட்டல் மீட்டர்களும் இருக்கின்றன. அலைவரிசை எண்ணைக் கொடுத்தால், சரியான கோளில் மட்டும் பூட்டிக்கொண்டு தரத்தைக் காட்டும். தினமும் டிஷ் மாட்டுகிறவருக்கு அதுதான் ஏற்றது. ஆனால் அது சில ஆயிரம் ரூபாய். சூளை மேஸ்திரிக்கு அதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. முள் மீட்டரும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்தால் அவர் வேலை நடக்கும். நடக்கும் விதத்தைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

'சில நூறு ரூபாய்ச் சரக்குக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினால் கடையை யார் பார்ப்பது?' என்று ஒரு நண்பர் எங்களைக் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சில நூறு ரூபாய்ச் சரக்கை ஆன்லைனில் நம்மைவிட மலிவாகக் கொடுக்கிறார்கள். விலையில் அவர்களோடு மோத நம்மால் முடியாது. நம்மிடம் இருப்பது, மாட்டிக் காட்டும் ஒரு மாடியும், கேட்டால் பதில் சொல்லும் ஒரு மனிதரும். அதையும் கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் எதற்காக நம் படி ஏற வேண்டும்?

நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறோம். ஒரு மீட்டரைப் பிரித்துக் கவுன்ட்டரிலேயே வைத்திருக்கிறோம். மேலே சொன்ன முறையை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கிறோம். சூளை மேஸ்திரிகள் கேட்டதால் ஹிந்தியிலும் அச்சடித்தோம். 'இது சக்தியைத்தான் காட்டும், கோளைக் காட்டாது' என்ற வரியை அதில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். திரும்பி வரும் மீட்டரை வாடிக்கையாளர் கண்முன்னே மாட்டிப் பார்க்கிறோம். கெட்டிருந்தால் பேச்சே இல்லாமல் மாற்றிக்கொடுக்கிறோம். டிஷ் மாட்டும் பையன்கள் சிலரின் பெயர்ப்பட்டியலும் கடையில் இருக்கிறது. அவர்களை எடுபிடி என்று நினைக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். நம் சரக்குக்கு உயிர் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

அந்தப் பதினேழு மீட்டர்களையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் ஊருக்கே போனோம். அவர் கடை மாடியில் டிஷ் வைத்து, முள்ளைத் தப்பான கோளில் வேண்டுமென்றே ஏற்றிக் காட்டினோம். பிறகு சரியான கோளில் ஏற்றிக் காட்டினோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'இதை வாங்கும்போதே சொல்லியிருந்தா, சூளைக்காரர்கிட்ட நான் பேச்சு வாங்கியிருக்க மாட்டேனே, அண்ணாச்சி' என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பதினேழில் பன்னிரண்டை அவர் விற்றுவிட்டார். ஐந்து இன்னும் அலமாரியில் இருக்கின்றன. விற்ற பன்னிரண்டில் ஒன்றும் இதுவரை திரும்பி வரவில்லை.